கரையின் உறுதி

அக்டோபர் 6

மாம்பட்டுப் பெரிய ஏரியின் மழைக்காலப் பாதுகாப்பு அறிக்கையை இந்த ஆண்டு நான் எழுத வேண்டுமாம். தணிகாசலம் சார் இன்று கூப்பிட்டுச் சொன்னார். உதவிப் பொறியாளராகச் சேர்ந்ததிலிருந்து அளவெடுத்துக் கொடுத்திருக்கிறேன், வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அறிக்கை என்று ஒன்றை என்னை நம்பிக் கொடுப்பது இதுதான் முதல் முறை. சார் எங்கள் கோட்டத்தின் செயற்பொறியாளர், வருகிற மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். "உன் பேர்லயே போகட்டும்மா மங்கை. மேல இருக்கறவங்களுக்கு உன்னைத் தெரியணும்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது.

சென்ற ஆண்டு அறிக்கையை வேர்டில் திறந்தேன். அதில் அவுட்லைன் என்று ஒரு காட்சி உண்டு. தலைப்புகள் மட்டும் படிக்கட்டு போலத் தெரியும், பிடித்து இடம் மாற்றலாம். ஆனால் இதை எழுதியவர் எழுத்தைத் தடிமனாக்கியே தலைப்பு ஆக்கியிருக்கிறார். அது தலைப்பு என்று வேர்டுக்குத் தெரியவில்லை. வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகைப் பற்றிய பகுதியை மேலே நகர்த்தினால், உபரிநீர் வழியும் கலங்கலைப் பற்றிய பகுதியில் பாதி ஒட்டிக்கொண்டு போகிறது. ஒரு மாலை முழுவதும் இதிலேயே போயிற்று. குக்கர் விசில் எத்தனை அடித்தது என்று தெரியாமல் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அக்டோபர் 8

என் கணவர் உதயன், ஓர் அச்சகத்தில் புத்தகப் பக்கம் வடிவமைக்கிறவர். வேர்டோடு பல ஆண்டுப் பழக்கம். "தலைப்புக்கு ஸ்டைல் குடுத்துட்டா அவுட்லைன் தானா ஒழுங்கா வரும். அதுக்குன்னு தனியா ஒரு சாப்ட்வேர் எதுக்கு?" என்கிறார். தோசைக்கல் இருக்கும்போது ஆம்லெட்டுக்குத் தனிச் சட்டி வாங்குவது மாதிரி இருக்கிறதாம்.

என் சிக்கல் அதுவல்ல. எது தலைப்பு, எது அதன் கீழ் வரும் செய்தி என்று முன்கூட்டியே எனக்குத் தெரிந்திருந்தால்தான் வேர்டால் உதவ முடியும். கரையில் நடந்துகொண்டே கைபேசியில் ஒரு வரி எழுதிக்கொள்கிறேன். அது பெரிய விஷயமா, சின்ன விஷயமா என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்?

இன்று குறிப்புகளைக் கிளை கிளையாக அடுக்குவதற்கென்றே உள்ள ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அதில் எல்லா வரியும் ஒன்றுதான். எந்த வரியையும் இன்னொன்றின் கீழ் தள்ளலாம், வெளியே இழுக்கலாம். தேவையில்லாதபோது ஒரு கிளையை மூடி வைக்கலாம். எனக்குப் பிடித்தது வேறு: ஒரே வரி இரண்டு இடத்தில் இருக்க முடியும். இங்கே திருத்தினால் அங்கேயும் திருந்தும். முடிவு செய்துவிட்டேன். உதயன் சிரித்தார், ஆனால் விடவில்லை. "சாருக்கு அனுப்பறப்ப மட்டும் பிடிஎஃப்பா அனுப்பு" என்றார்.

அக்டோபர் 11

ஏரிக்கரை முழுவதும் நடந்தேன். முக்கால் ஏரி காலியாகத்தான் கிடக்கிறது. போன ஆண்டுக் கோடையில் பலப்படுத்திய பகுதியில் கல் பதிப்பு புதிதாக, அழகாக இருக்கிறது. அந்த வேலையைச் சார் நேரில் நின்று பார்த்துக்கொண்டார் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

கரையின் பின்புறச் சரிவு முடியும் இடத்தில் ஒரு வரிசை வீடுகள். கரையடி என்றே அந்தத் தெருவுக்குப் பெயர். கடைசி வீட்டில் கன்னியம்மா என்ற பெண் இட்லி சுட்டு விற்கிறாள். அவள் கணவர் ஏழுமலை ஒரு பசுவும் கன்றும் வைத்திருக்கிறார். டீ குடிக்கப் போன என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தரையைத் தொடச் சொன்னாள். சிமெண்டுத் தரை ஜில்லென்று ஈரமாக இருந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை.

"தொடைச்சா தொடைச்ச எடத்துலயே கசியுது இன்ஜினியரம்மா. ஏரி கட்டாந்தரையா கெடந்தப்ப இல்ல. இப்பத்தான்."

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கரையடியில் புல்லுக்குள் நீர் ஊறி நின்றது. தெளிந்த நீர். தெளிந்திருக்கும்வரை கவலையில்லை என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். அதே வரிசையில் இன்னும் இரண்டு இடங்களில் இப்படிக் கசிவு.

வீட்டுக்கு வந்து மூன்றையும் ‘கசிவு’ என்ற தலைப்பின் கீழ் போட்டேன். பிறகு, அந்த இடங்களில் என்ன வேலை நடந்தது என்பதும் தெரியட்டும் என்று அதே வரிகளை ‘கடந்த ஆண்டுப் பணிகள்’ என்பதன் கீழும் வைத்தேன். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கசிவு மூன்றும் புதிதாகப் பலப்படுத்திய பகுதியிலேயே இருக்கின்றன. பழைய கரையில் ஒன்றுகூட இல்லை.

தற்செயலாக இருக்கலாம்.

அக்டோபர் 14

சாரிடம் மடிக்கணினியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வயதில் இருக்கிறவர்கள் புதிய மென்பொருள் என்றாலே முகம் சுளிப்பார்கள். சார் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கசிவுக் கிளையைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு கிளைகளை மூடுவது எப்படி என்று கேட்டார். காட்டினேன்.

"இத மூடினா உள்ள இருக்கறது போயிடாதில்ல?"

"போகாது சார். உள்ளேதான் இருக்கும்."

"அச்செடுத்தா?"

"திறந்து வச்சிருக்கறது மட்டும்தான் சார் வரும்."

"நல்லா இருக்கும்மா" என்றார். என் கணினியிலும் போட்டுக்கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு கிளையைத் திறப்பதும் மூடுவதுமாக அவரே நாலைந்து முறை பழகினார். எனக்கு டீ வரவழைத்தார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே எனக்கு விடுப்புக் கொடுத்தவர் இவர். இப்படி ஒரு மேலதிகாரி எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று உதயனிடம் சொன்னேன்.

அக்டோபர் 16

மழை தொடங்கிவிட்டது. துணி காயவில்லை.

அக்டோபர் 18

அறிக்கை முடிந்தது. ‘கரையின் உறுதி: கடந்த ஆண்டு பலப்படுத்தப்பட்டது’ என்ற வரியில் தொடங்கும் பகுதியை நான்கு முறை இடம் மாற்றி, கடைசியில் முதலிலேயே வைத்தேன். அதன் கீழ் மூன்று கசிவுகள், அவை இருக்கும் இடம், புதிய மண் சரியாக இறுகியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்ற கோரிக்கை. சோதனை முடியும்வரை மதகைத் திறந்தே வைக்க வேண்டும், ஏரியைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்றும், கனமழை எச்சரிக்கை வந்தால் கரையடி வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.

உதயன் அச்செடுத்துப் படித்து எழுத்துப் பிழை திருத்தினார். ஒற்று விட்டுப்போனதற்கெல்லாம் சிவப்பு மை.

பிடிஎஃப்பாக அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் சார் போன் செய்து, "ஃபைலாவே அனுப்பும்மா, ஒருதடவை பாத்துட்டு நானே ஆட்சியர் ஆபீசுக்கு அனுப்பிடறேன்" என்றார். எல்லாக் கிளைகளையும் விரித்து, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினேன்.

அக்டோபர் 20

தீபாவளி. சார் வீட்டிலிருந்து பெரிய டப்பாவில் இனிப்பு வந்தது. மற்ற உதவிப் பொறியாளர்களுக்கு வந்ததா என்று தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

நவம்பர் 2

ஏரி பாதியைத் தாண்டிவிட்டது. மதகு திறக்கவில்லை. அறிக்கைக்கு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பதில் வந்ததா என்று சாரிடம் கேட்டேன். வரும் என்றார். இப்போது மதகைத் திறந்தால், நாற்று விடாத வயலில் தண்ணீர் நிற்கிறது என்று ஒரு ஊர் சண்டைக்கு வரும், கோடைக்குத் தண்ணீர் இல்லை என்று இன்னொரு ஊர் வரும் என்று விளக்கினார். பல வருடம் கழித்து ஏரி நிறைகிறது, ஜனங்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், அதைக் கெடுக்க வேண்டாம் என்றார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏரியைப் பார்க்க மக்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். கரைமேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நவம்பர் 7

காலையில் கன்னியம்மா போன் செய்தாள். தண்ணீரின் நிறம் மாறிவிட்டது என்றாள். உடனே போனேன்.

வீட்டுக்குப் பின்னால், புல் இருந்த இடத்தில் நீர் கொதிப்பது போல மெல்லக் குமிழியிடுகிறது. சுற்றிலும் வளையமாக மணல். நீர் பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. ஏழுமலை அதில் கைவிட்டு அள்ளி என்னிடம் காட்டினார். விரல்களுக்கு நடுவே பொடி மணல் நின்றது. அவர் சிரித்துக்கொண்டே, "இந்த மண்ணு நம்ம வூட்டு மண்ணு இல்லீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரைக்குள்ளிருந்து மண்ணைச் சேர்த்து நீர் இழுத்துக்கொண்டு வருகிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கரை உள்ளுக்குள் குடைபடுகிறது.

அங்கிருந்தே சாருக்குப் பேசினேன். மழைத்தண்ணீர் வாசல் மண்ணைக் கரைத்திருக்கும் என்றார். மணல் மூட்டை அடுக்கச் சொன்னார். படம் எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்றார். "நீ சின்னப் பொண்ணு. முதல் மழைக்காலம் எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கும்."

மழைத்தண்ணீர் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு.

மூட்டைகள் அடுக்கிவிட்டு வந்தேன். இரவுச் சாப்பாட்டைத் தட்டோடு மூடி வைத்தேன். உதயனிடம் வயிறு சரியில்லை என்றேன்.

நவம்பர் 9

கோட்டாட்சியர் அம்மையார் தலைமையில் மழை ஆய்வுக் கூட்டம். சார் உறவினர் கல்யாணத்துக்குப் போவதால் என்னைப் போகச் சொன்னார்.

ஒவ்வொரு ஏரிக்கும் உரிய தாள் எல்லோர் முன்னாலும் இருந்தது. மாம்பட்டுக்கு ஒரே ஒரு தாள். எடுத்துப் பார்த்தேன். என் பெயர் கீழே இருந்தது. என் தலைப்புகள் வரிசையாக இருந்தன. முதல் வரி: ‘கரையின் உறுதி: கடந்த ஆண்டு பலப்படுத்தப்பட்டது.’ அடுத்த வரி மதகு. அதற்கடுத்து கலங்கல். கீழே இருக்க வேண்டியது எதுவும் இல்லை. கசிவு என்ற சொல்லே தாளில் இல்லை.

தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

மாம்பட்டு என்று கூப்பிட்டதும் எழுந்து நின்றேன். கோட்டாட்சியர் தாளைப் பார்த்துவிட்டு, "கரையில ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டார். அறை முழுக்க ஆட்கள். எல்லோருடைய கையிலும் என் பெயர் போட்ட தாள். மூடி வைத்த கிளையைத் திறக்க மறந்து அனுப்பியது நான்தான் என்று அந்தக் கணத்தில் உறுதியாகத் தோன்றியது. "விவரம் தனியா இருக்கு மேடம், பார்த்துட்டு இருக்கோம்" என்றேன். சரி என்று அடுத்த ஏரிக்குப் போய்விட்டார்.

வெளியே வந்து சாருக்குப் பேசினேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நீ எப்படி அனுப்பினியோ அப்படியேதாம்மா நான் அனுப்பினேன். அந்தப் புது சாப்ட்வேர் எதுக்குன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. வேர்டுல அடிச்சிருந்தா இப்படி ஆகுமா? சரி விடு. இப்பப் போயி விட்டுப்போச்சுன்னு சொன்னா உன் பேர்தான் கெடும். நான் பாத்துக்கறேன். நீ யார்கிட்டயும் பேசாத."

நன்றி சார் என்றேன்.

நவம்பர் 10

உதயனிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். எல்லாம் சொன்னேன். என் தவறு என்றேன், வேர்டிலேயே எழுதியிருக்கலாம் என்றேன்.

அவர் எழுந்துபோய் மேசையிலிருந்து சிவப்பு மைத் தாள்களை எடுத்துவந்து முன்னால் வைத்தார். "நான் திருத்துனதுல எல்லாம் இருக்கே" என்றார். அனுப்பிய மின்னஞ்சலில் இருந்த கோப்பைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். எல்லாக் கிளைகளும் விரிந்தபடியே வந்தன.

சாருடைய கணினியில் திறக்கும்போது தானாக மூடிக்கொண்டிருக்கலாம். மென்பொருளில் அப்படிச் சில கோளாறுகள் வருவது உண்டு.

உதயன் தாள்களை அடுக்கி ஓரம் தட்டினார். பிறகு, "வேர்டுல எழுதியிருந்தா கசிவு ஒரு பக்கத்துல இருந்திருக்கும், வேலை விவரம் கடைசியில எங்கயோ இருந்திருக்கும். ரெண்டும் ஒரே இடம்னு உனக்கே தெரிஞ்சிருக்காது. அத முதல்ல யோசி" என்றார். இந்த மென்பொருளுக்கு ஆதரவாக அவர் பேசியது இதுதான் முதல் முறை.

நாளைக்குக் கனமழை எச்சரிக்கை. ஏரி நிறையக் கொஞ்சம்தான் பாக்கி.

நவம்பர் 11

விடிந்தும் வெளிச்சம் இல்லை. ரெயின்கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

நவம்பர் 12

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கரையடி மக்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒருவரைத் தவிர.

நேற்றுக் காலை நான் போனபோது மணல் மூட்டைகள் சரிந்து கிடந்தன. நீர் மூட்டைகளுக்கு அடியிலிருந்து தடித்த கயிறு போல, சிவப்பாக வந்துகொண்டிருந்தது. மேலே ஏறிப் பார்த்தேன். கல் பதித்த இடத்தில் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு பள்ளம். மழைக்கு நடுவே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அது இன்னும் கொஞ்சம் உள்வாங்கியது.

சாருக்குப் பேசினேன். தான் வரும்வரை எதுவும் செய்யக் கூடாது என்றார். வர மதியம் ஆகும் என்றார். வீடுகளைக் காலி செய்யச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லன்னு நீயே பேர் போட்டுக் குடுத்திருக்க. இப்ப நீயே போயி ஓடுங்கன்னு சொல்லப்போறியா? யோசிச்சுச் செய்மா."

இணைப்பைத் துண்டித்தேன். அவரிடம் பேசும்போது நானாக வைத்தது அதுதான் முதல் தடவை. கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பேசி, அறிக்கைத் தாளில் இல்லாதது ஒன்று இருக்கிறது, பேருந்து வேண்டும் என்றேன். பிறகு தெருவில் இறங்கினேன்.

எல்லோரும் உடனே கிளம்பிவிடவில்லை. ஏரி நிறைவதைப் பார்க்கக் காத்திருந்தவர்கள் அவர்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று கெஞ்ச வேண்டியிருந்தது. கன்னியம்மா அடுப்பில் இட்லி வைத்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"இது ஆபீஸ் சொல்றதா, நீங்க சொல்றதா?"

"நான் சொல்றேன் கன்னியம்மா."

அடுப்பை அணைத்தாள். அவள் கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் பக்கத்து வீடுகள் அசைந்தன. பேருந்து வந்தது. ஏற்றினோம். பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆட்களைச் சரிபார்த்தபோது ஏழுமலை இல்லை. கன்றை அவிழ்த்து விட்டுவிட்டு வருகிறேன் என்று பேருந்தின் பின்படிக்கட்டில் இறங்கியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார்.

நான் திரும்ப ஓடினேன். தெருமுனைக்கு வருவதற்குள் சத்தம் கேட்டது. இடி போல இல்லை. நிறைய லாரிகள் ஒன்றாகக் கல் கொட்டுவது போல, நிற்காமல். கரை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அப்புறம் தெரு இல்லை.

கன்று நீந்திக் கரையேறியிருக்கிறது. ஏழுமலையை இன்று காலை முள்காட்டில் கண்டெடுத்தார்கள்.

சார் நேற்று மாலை ஆட்சியரோடு வந்தார். எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டி, என் பெண் போன்றவள், தக்க நேரத்தில் மக்களைக் காப்பாற்றினாள் என்றார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்து, மடிக்கணினி எங்கே இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். வீட்டில் என்றேன். என் தோளில் தொங்கிய பையிலேயே இருந்தது.

நவம்பர் 14

கன்னியம்மாவைப் பார்க்கப் போனேன். பள்ளிக்கூட வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே கேட்டாள்.

"கரை ஒடையறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மீட்டிங்கு போனேன்னு சொன்னீங்களே. அங்க எங்க தெருவப் பத்திக் கேட்டாங்களா?"

"கரையில ஏதாவது பிரச்சினை இருக்கான்னு கேட்டாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

சொன்னேன். சொன்னதை அப்படியே, அதே வார்த்தைகளில் சொன்னேன். அவள் திட்டவில்லை, அழவில்லை. பிறகு பக்கத்திலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு சோறு வாங்கும் வரிசையில் போய் நின்றாள்.

நாளைக் காலை கோட்டாட்சியர் முன்னால் வாக்குமூலம். மாலையில் சார் பேசினார். குரல் எப்போதும் போலக் கனிவாகத்தான் இருந்தது. கார் அனுப்புகிறேன், சேர்ந்தே போகலாம், வழியில் என்ன சொல்வது என்று பேசிக்கொள்ளலாம் என்றார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் சில மாதம்தான் இருக்கிறது, உனக்கோ முப்பது வருஷ வேலை இருக்கிறது, அதை மறந்துவிடாதே என்றார்.

கார் வேண்டாம் சார், நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்றேன்.

அவர் இன்னும் இணைப்பில்தான் இருந்தார், மூச்சு கேட்டது. பிறகு, "பாத்து வாம்மா" என்றார்.

உதயன் நாளைக்கு விடுப்புப் போட்டிருக்கிறார். கதவை இரண்டு தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் ஏதோ வண்டி நின்றுகொண்டிருக்கிறது. யாருடையது என்று இரண்டு பேரும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.